முப்பத்தெட்டாம் இலக்கத்தின் கண்கள்

1. அறுபத்தொரு பேர்

கொம்பியூட்டர் அறுபது முகங்களைக் கண்டுபிடித்தது. படத்தில் நின்றவர்கள் அறுபத்தொரு பேர்.

எல்லாம் விடுபட்ட அந்த ஒரு முகத்தில்தான் தொடங்கியது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. பழைய படம் திருத்தும் இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் ஸ்கானரைப் பற்றியும் கலர் செற்றிங் பற்றியும் கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடக்கூடிய சங்கதி. நான் சொல்ல விரும்புவது நான் செய்த ஒரு பிழையை. அது அப்படியே கிடந்திருந்தால், ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஒஷாவாவில் இருந்த ஒரு முதிய பெண் தன் பூட்டனை, ஒரு குற்றமும் செய்யாத மனிதனை, கேடுகெட்டவன் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பார். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கு வேலையில்லை.

எங்கள் வேலைத்தலம் ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளம். யன்னல் கிடையாது. பழைய தாள்களுக்குச் சூடு ஆகாது என்பதால் கோடையிலும் ஸ்வெற்றரோடுதான் இருப்பேன். காட்சிச்சாலைகளின் பழைய படங்களை ஸ்கான் செய்து, கறை நீக்கி, கிழிசல் மூடிக் கொடுப்பது எங்கள் கம்பனியின் வேலை. முதலாளி நிரோஷா யூனியன்வில்லில் வளர்ந்த பிள்ளை, என் மகள் வயது. என்னை வேலையால் நிறுத்தும் அதிகாரம் உள்ளவளும் அவள்தான், வாய் நிறைய 'அங்கிள்' என்று கூப்பிடுபவளும் அவள்தான்.

அந்த முறை வந்தது ஒரு விளையாட்டுக் கண்காட்சி. ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் ஒரு வருடத்தை எடுத்து, அந்த ஒரே வருடத்தில் உலகம் எதை ஓடியது, எதை அடித்தது, எதைத் துடுப்பால் வலித்தது என்று காட்டுவது நோக்கம். நடுச்சுவருக்கு ஒரு பெரிய படம். ஒற்றைக் கட்டில் அளவு இருக்கும். ரொறன்ரோ வாவிக்கரையில் அந்த வருடத்தின் வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். படகு வலிப்பவர்கள், கிரிக்கெற்காரர்கள், நுனியில் வலை கட்டிய லக்ரோஸ் கோலோடு சிலர், ஆளுயரச் சில்லுச் சைக்கிளோடு இருவர், வெறுங்கைக் குத்துச்சண்டைக்காரர்கள்.

பார்த்தால் எல்லாரும் ஒரு நாள் கூடி நின்று எடுத்த படம் என்றுதான் தோன்றும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. அது ஒட்டுப்படம். அந்தக் காலத்துக் கமெராவால் இவ்வளவு பேரை ஒன்றாகத் தெளிவாக எடுப்பது சுலபமல்ல. ஆகவே ஒவ்வொருவரையும் தனியாக எடுப்பார்கள், தூர தேசத்துக்காரனின் படத்தைத் தபாலில் எடுப்பிப்பார்கள். கத்தரிக்கோலால் ஆளை வெட்டி, வரைந்த கரையில் ஒட்டி, ஒட்டிய இடத்துக்கு மை பூசி, முழுவதையும் மறுபடி படம் எடுத்துப் பிரதி போட்டு விற்பார்கள். அந்த அறுபத்தொரு பேரில் பலர் வாழ்நாளில் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒருவனின் நிழல் இடப்பக்கம் விழும், பக்கத்தில் நிற்பவனுடையது வலப்பக்கம் விழும். யாருடைய சப்பாத்தும் புல்லை அமுக்கவில்லை. அத்தனை பேர் நெருக்கியடித்து நின்றும் ஒருவனாவது அடுத்தவனைப் பார்க்கவில்லை.

"அங்கிள், விசிற்றர்ஸ் கிட்ட வரேக்க உவை எல்லாரும் திரும்பிப் பாக்கோணும். ப்ளிங்க் பண்ணோணும், மூச்சு விடோணும். இற்ஸ் கோயிங் ரு பி சோ கூல்" என்றாள் நிரோஷா.

"செத்த சனம், பிள்ளை."

"இப்ப செத்திட்டினம். படத்திலை உயிரோடதானே நிக்கினம்?"

நான் மென்பொருளைத் திறந்தேன்.

2. பச்சைக் கட்டம்

முகத்தை அசைக்கிற மென்பொருள் முதலில் முகம் எது என்று தேடும். கண்டால் அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும். அது அறுபது பேருக்குப் போட்டது. அதோடு நில்லாமல் வரைந்த மேகம் ஒன்றுக்கும், ஒருவன் கையில் மடித்துப் போட்டிருந்த கோட்டுக்கும் கட்டம் போட்டது. நிரோஷா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் வரிசையில், நேரே பார்த்துக்கொண்டு, மீசையோடு நின்ற ஒரு முழு மனிதனை மட்டும் அது முகமென்று ஏற்கவில்லை. நாலைந்து தரம் ஓட்டிப் பார்த்தேன். மேகத்துக்கு முகம் உண்டு, அவனுக்கு இல்லை என்றது.

படத்தின் அடியில் இலக்கமும் பெயரும் அச்சிட்டிருந்தார்கள். அவன் முப்பத்தெட்டு. பெயர் தோமஸ். நடைப்போட்டிக்காரன்.

நடப்பதும் ஒரு போட்டியா என்று நானும் கேட்டவன்தான். அந்த வருடங்களில் அது பெரிய கூத்து. மண்டபத்துக்குள் மரத்தூள் கொட்டிய வட்டத்தில் ஆறு நாள் இரவு பகலாக நடப்பார்கள். ஓரத்தில் ஒரு கட்டில் கிடக்கும். இயலாமல் போனால் கொஞ்ச நேரம் சரிந்துவிட்டு எழும்பி மறுபடி நடக்கவேண்டும். யார் விழுவான் என்று பார்க்கச் சனம் சுருட்டுப் பிடித்தபடி இருக்கும்.

முப்பத்தெட்டின் முகத்தை நானூறு வீதத்துக்குப் பெருப்பித்தேன். தலைமயிர் பக்கவாட்டில் விழாமல் முழுக்கப் பின்பக்கம் போயிருந்தது. கன்னத்துச் சதை கீழே தொங்கவில்லை. காதுப் பக்கமாக வழிந்திருந்தது. கண்ணைப் பெருப்பித்தேன். அது கமெரா எடுத்த கண் அல்ல. மூடிய இமையின் மேல் பிரஷால் வரைந்த கண். கருமணிக்குக் கீழே இமை மூடிய கோடு அப்படியே தெரிந்தது.

 நிற்கிற ஆளின் முகம் அப்படி இருக்காது. அவன் மல்லாந்து படுத்திருக்கிறான். பிணத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்து தலையை வெட்டி, உயிரோடிருப்பவர்களுக்கு நடுவில் நிற்கவைத்திருக்கிறார்கள்.

பிறகு உடம்பைப் பார்த்தேன். அதுவும் அவனுடையதல்ல. பன்னிரண்டாம் இலக்கத்துக்காரன் ஒரு நல்ல கோட்டுப் போட்டிருந்தான், மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. முப்பத்தெட்டின் கோட்டிலும் அதே பொத்தான் இல்லை, அதே மடிப்பு, அதே சங்கிலி. பன்னிரண்டின் உடம்பை இரண்டாம் பிரதி போட்டு அதன் மேல் செத்தவனின் தலையை வைத்திருந்தார்கள்.

3. மல்வேர்ன் அன்ரி

இதெல்லாம் எனக்கு எப்படி உடனே விளங்கியது என்று சொல்லவேண்டும். இதே வேலையை நானும் செய்தவன்.

இந்தக் கம்பனிக்கு வருமுன் ஸ்காபரோவில் ஒரு பிளாஸாவில் போட்டோ ஸ்ரூடியோ வைத்திருந்தேன். கலியாணம், சாமத்தியவீடு, பாஸ்போட் படம். அவற்றோடு நினைவுமலர். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். உள்ளே தேவாரமும் வம்சவரிசையும், அட்டையில் இறந்தவரின் படம். அந்தப் படம்தான் சிக்கல். இரண்டு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய மனிசனிடம் கடைசிப் பத்து வருடத்தில் எடுத்த ஒரு நல்ல படம் இருக்காது. பெட்டிக்குள் கிடத்தியிருந்தபோது போனில் எடுத்ததைக் கொண்டுவந்து, "கண்ணைத் திறந்து விடுங்கோ அண்ணை" என்பார்கள். நானும் திறந்துவிடுவேன். கன்னத்தைக் கீழே இழுத்து, மயிரை முன்னே கொண்டுவந்து, ஏறக்குறைய அதே வயது ஆளின் கண்ணை எடுத்து வைப்பேன். பெரிய கெட்டிக்காரன் என்று பெயர் இருந்தது.

ஒரு முறை மல்வேர்னில் இருந்து ஒரு அன்ரியின் கணவருக்குச் செய்து கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து அன்ரி அதே படத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, உது அவற்ர கண் இல்லை."

"வெளிச்சத்திலை அப்பிடித் தெரியும் அன்ரி."

"முப்பத்தாறு வருசம் பாத்த கண் எனக்குத் தெரியாதே? உது வேறை ஆரோ. அவற்ர முகத்துக்குள்ள இருந்துகொண்டு என்னைப் பாக்கினம். குசினிக்குள்ள போனாலும் பாக்குது."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.  கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு படத்தை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து கதவால் வெளியே போனார்.

அவசரத்துக்கு என் கண்களைத்தான் வைத்திருந்தேன். எனக்கும் அந்த மனிதருக்கும் முகவெட்டு ஒத்துவந்தது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கடைக்குள்ளேயே நின்றுகொண்டேன். அந்த விஷயத்தை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அதில் நான் படித்துக்கொண்ட பாடம், வாடிக்கையாளர் பார்த்துவிடக்கூடிய இடத்தில் சொந்தக் கண்ணை வைக்கக்கூடாது என்பது மட்டும்தான். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று இப்போது நினைக்கிறேன்.

4. நான் செய்தது

நிரோஷாவிடம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். "பிள்ளை, உந்தாள் படம் எடுக்கேக்கையே செத்திட்டான்." சொல்லவில்லை. சொன்னால் அவள் காட்சிச்சாலைக்கு அறிவிப்பாள், கூட்டம் போடுவார்கள், திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இது வெளியில் சொல்ல நல்ல காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அங்கிள்?" என்று அவள் கேட்பாள். அன்ரியின் கதையை அவளுக்குச் சொல்லவேண்டி வரும்.

செத்து நூற்று முப்பது வருடத்துக்கு மேல். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் அந்த முகத்தோடு தனியே இருந்தேன். என்னை அதிகம் அலைக்கழித்தது செத்தவன் அல்ல, அவனுக்குக் கண் வரைந்தவன். இதே நகரத்தில் எங்கோ ஒரு ஸ்ரூடியோவில், சின்னப் பிரஷோடு ஒருவன் குனிந்திருந்திருக்கிறான். பட்டியலில் அறுபத்தொரு பெயர் இருக்கிறது, அறுபத்தொரு ஆள் நிற்கவேண்டும் என்று அவனுடைய முதலாளி சொல்லியிருப்பார். அவன் பிரஷ் போன போக்கைப் பார்த்தேன். இமைக்கோட்டைக் கடக்கிற இடத்தில் கை நடுங்கியிருக்கிறது. இடது கண்ணை நிதானமாக வரைந்திருக்கிறான். வலது கண்ணை இரண்டே இழுப்பில் முடித்துவிட்டான். ஒரு கண் திறந்ததும் அது பார்க்கத் தொடங்கியிருக்கும், மற்றதை அவசரமாக முடித்துவிட்டு எழுந்துபோயிருப்பான் என்று பட்டது. எனக்கு அந்த உணர்வு தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் நடைபாதைச் சுவரோரம் நின்று என் முகத்தை நானே போனில் எடுத்தேன். கண்களை வெட்டி முப்பத்தெட்டுக்கு வைத்தேன். கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, கொஞ்சம் மங்கலாக்கி, மென்பொருளை ஓட்டினேன். பச்சைக் கட்டம் டக்கென்று விழுந்தது.

கோயில் விக்கிரகத்துக்குக் கண் திறந்தால் முதல் பார்வைக்குப் பசுவையும் கண்ணாடியையும் காட்டுவார்கள். முப்பத்தெட்டின் முதல் பார்வைக்கு மங்கல் வெளிச்சத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்த என்னைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

5. ஒத்திகை

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன் காட்சிச்சாலை மண்டபத்தில் ஒத்திகை. சுவர் முழுக்கத் திரை. ஆள் கிட்ட வந்தால் சென்சர் உணர்ந்து படத்தில் உள்ளவர்களைத் திருப்பும். காலை பத்து மணி, நல்ல வெயில் நாள். ஆனால் மண்டபத்துக்கு வெயில் வராது.

நிரோஷா சுவரை நோக்கி நடந்தாள். வாவிக்கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது. ஒருவன் கண்ணை மூடித் திறந்தான், பிறகு இன்னொருவன். அத்தனை வருடம் ஒருவரையும் பாராமல் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். சத்தம் வைக்கவில்லை என்பதால் அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஓ மை கோட்" என்றாள். சந்தோஷத்தில் சொன்னாளா பயத்தில் சொன்னாளா தெரியவில்லை. பிறகு, "அங்கிள், உந்த ஒராள் மட்டும் என்னைப் பாக்கேல்லை. உங்களைப் பாக்கிறார்" என்றாள்.

நான் பின்னால் வயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முப்பத்தெட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கம் நகர்ந்தேன். அவன் விட்டபாடில்லை. தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு எட்டிப் பார்த்தேன். அவன் பார்வை தூணில் இருந்தது.

நேரே கமெராவைப் பார்த்து எடுத்த கண் எங்கே நின்றாலும் தொடர்வதுபோலத் தெரியும். தொழில் செய்தவனுக்கு இது தெரியும். ஆனால் அப்படியென்றால் நிரோஷாவையும் அல்லவா பார்த்திருக்கவேண்டும்?

"சென்சர் பிழை, பிள்ளை. பாத்துச் சரி பண்ணுறன்" என்றேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். மற்றவர்கள் கண் சிமிட்டியபோது இயல்பாக இருந்தது. முப்பத்தெட்டு மட்டும் கண்ணை மூடினால் திறக்கச் சுணங்கினான். மூடியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் முகம் முழுமையாக, அமைதியாக இருந்தது. திறந்ததும் கெட்டுப்போனது. 

6. ஊசித்துளை

அடுத்த நாள் ஐரீன் வந்தார். வயது எழுபத்தெட்டு, ஒஷாவாவில் இருந்து தனியே ரயில் ஏறி வந்திருந்தார். கண்காட்சியின் விளம்பரத்தில் பெயர்ப்பட்டியலைக் கண்டு காட்சிச்சாலைக்கு எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டாம் இலக்கம் தோமஸ் அவருடைய பூட்டன். நிரோஷாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தன் பூட்டனை உயிரோடு காண வரும் பெண் என்று படம் எடுக்க ஒரு ஆளையும் ஒழுங்குபண்ணியிருந்தாள்.

ஐரீன் ஆங்கிலத்தில்தான் பேசினார். எனக்கு வருகிற மொழியில் எழுதுகிறேன்.

"எங்கை அந்த நாசமறுவான்?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

நிரோஷா சிரித்தபடி சுவரைக் காட்டினாள். அறுபது பேர் ஐரீனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு பழைய தாளை எடுத்து விரித்தார். அதே ஒட்டுப்படத்தின் சின்னப் பிரதி. அந்தக் காலத்தில் விற்றது.

அவர் சொன்ன கதை இது. தோமஸ் இங்கிலாந்தில் நிலக்கரி வெட்டும் ஊர்க்காரன். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டு, நடந்து வென்று கூப்பிடுகிறேன் என்று கப்பல் ஏறினான். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. மனைவி காத்திருந்தாள். அந்த வருடக் கடைசியில் அயலவர் ஒருவர் இந்தப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். 'பார், உன்ர மனிசன் கனடாவிலை நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு பெரிய ஆக்களோட நிக்கிறான்' என்றாராம். அன்றோடு அந்த வீட்டில் அவன் பெயர் சொல்வது நின்றது. கைவிட்டுப் போனவன். நாலு தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாராவது பொய் சொன்னால், பொறுப்பில்லாமல் நடந்தால், தோமசின் இரத்தம் என்று ஏசுவார்களாம்.

"என்ர தம்பி வீட்டை விட்டுப் போகேக்க அம்மா உதைத்தான் சொன்னவ" என்றார் ஐரீன்.

தாளை என்னிடம் நீட்டினார். கிழியாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டின் முகத்தில் மட்டும் இரண்டு துளை. மனைவி அன்று இரவே ஊசியால் குத்தினாளாம். வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கண் இருந்த இடத்தால் மண்டபத்து விளக்கு தெரிந்தது. தலையை நிமிர்த்தினேன். சுவரில் முப்பத்தெட்டு என்னைப் பார்த்தபடி நின்றான். என் இரண்டு கண்ணும் எரிந்து நீர் வந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நிரோஷா ஐரீனைச் சுவரோரம் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். படக்காரர் கமெராவைத் தூக்கினார். அந்தப் படம் எடுபட்டிருந்தால் செய்தியில் வந்திருக்கும். உயிரோடு திரும்பிப் பார்க்கும் பூட்டன். பழைய பொய்க்கு மேல் புதுப் பொய். அந்தப் பெண் அதோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

"எடுக்க வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவர் கைவிட்டு ஓடேல்லை. உந்தப் படத்திலை அவர் உயிரோட இல்லை."

"அங்கிள், நொற் நவ்" என்றாள் நிரோஷா பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்பத்தான் பிள்ளை. இப்ப சொல்லாட்டி நான் மனிசனில்லை."

ஐரீனை எங்கள் வேலைத்தலத்து அடித்தளத்துக்குக் கூட்டிப்போனேன். நான் கை வைக்காத முதல் ஸ்கானைத் திறந்தேன். ஐரீனுக்குக் கதிரை போட்டேன். மயிர் போன திசையைக் காட்டினேன், கன்னத்தைக் காட்டினேன், வரைந்த கண்ணையும் அதற்குக் கீழே மூடிக் கிடந்த இமையையும் காட்டினேன். பன்னிரண்டாம் ஆளையும் பொத்தான் இல்லாத கோட்டையும் பக்கத்தில் வைத்தேன். பிறகு சுவரில் அசையும் கண் என்னுடையது என்பதையும் சொன்னேன். மல்வேர்ன் அன்ரியின் கதையையும் சொன்னேன். நிரோஷா வாசலில் கை கட்டி நின்று கேட்டாள்.

ஐரீன் இரண்டு கோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தக் கோட்டு அவற்ர இல்லையா?"

"இல்லை."

"உந்தக் கரையிலை அவர் நிக்கவே இல்லையா?"

"அது வரைஞ்ச கரை. ஒருத்தருமே நிக்கேல்லை."

"படம் வீட்டை வரேக்க அவர் எப்பவோ செத்திட்டார்."

"ஓம்."

எங்கே, எப்படி, எந்த மண்ணில் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது. எதையாவது சொல்லவேண்டும் போலிருந்தது, ஆனால் கதை கட்டுகிற வேலையை அன்றோடு விட்டுவிட முடிவு செய்திருந்தேன். படத்தை இன்னும் பெருப்பித்துக்கொண்டே போனேன். இடது காதுக்குப் பின்னால், கத்தரிக்கோல் விட்டுவிட்ட ஒரு நகக்கண் அளவு துண்டு தெரிந்தது. நானும் அதுவரை காணாதது. தலையணையின் மூலை. ஓரத்தில் கையால் பின்னிய லேஸ்.

"ஆரோ ஒரு வீட்டுக்காரர் தங்கட நல்ல தலையணையைக் குடுத்திருக்கினம்" என்றேன்.

ஐரீன் ஒரு விரலால் மொனிற்றரில் அந்த மூலையைத் தொட்டார். அப்போதுதான் அழுதார்.

7. திறப்பு விழா

நிரோஷா என்னோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. "சொந்தக் கண்ணை ஆராவது வைப்பினமா, அங்கிள்? ஹூ டஸ் தற்?" என்று ஒரு முறை கத்தினாள்.  பிறகு தானே இருந்து என் கண்களை அழித்தாள். அந்தப் பழைய ஆள் வரைந்த கண்களையும் நீக்கி இமையை மூடினாள். முப்பத்தெட்டை அசைக்கும் கட்டளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். காட்சிச்சாலைக்காரரிடம் மன்றாடி விளக்கப் பலகையையும் மாற்றி எழுதுவித்தாள். மூன்று வசனம். இந்தப் படம் எடுக்கப்பட்டபோது இவர் உயிரோடு இல்லை என்பது முதலாவது.

திறப்பு விழாவுக்கு ஐரீன் மகளோடும் பேத்தியோடும் வந்தார். மூன்று பேரும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. பேத்தியின் கையுறைகூடக் கறுப்பு. என்ன பேசுவது என்று தெரியாமல், உடுப்பு நன்றாக இருக்கிறது என்று அசட்டுத்தனமாகச் சொல்லிவைத்தேன்.

"என்ர பூட்டி சாகும்வரைக்கும் கறுப்புப் போடேல்லை" என்றார் ஐரீன். "இங்கிலாந்திலை அந்த ஊரிலை புருசன் செத்த எல்லாரும் துக்கத்துக்குக் கறுப்புப் போட்டவை. இவவுக்குத்தான் புருசன் உயிரோட இருக்கிறானே. அதுதான் அவவுக்காக நாங்கள் போட்டிருக்கிறம்."

ஊரில் யுத்தத்தில் காணாமற்போனவரின் மனைவி பொட்டை அழிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் வருடக்கணக்காக இருப்பதை எங்கள் ஆட்களிடம் எவ்வளவோ கண்டிருக்கிறேன். எனக்கு அதற்கு மேல் ஒருவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 

அன்று நல்ல கூட்டம். வாவிக்கரையில் அறுபது பேரும் வருகிறவர் போகிறவரையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், சனம் கைதட்டிச் சிரித்தது. முப்பத்தெட்டு ஒருவரையும் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் அந்த மூன்று பெண்களும் செத்தவீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். பின்னால் நின்ற சனமும் மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படத்தில் ஒருவர் இறந்திருக்கிறார் என்று கண்டால் அவரைத் திருத்தவேண்டாம். அவர் இறந்த செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். போகாமல் இருந்தால் அதைச் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.